காவிரிக் கரையோரம் சாப்பிட்டுக்கொண்டே இரண்டு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் குடியிருப்பவனுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் வந்தால், எடுக்கும் முன்பே விஷயம் தெரிந்துவிடும். "நாளைக்குக் குடும்பத்தோடு உங்க பக்கம் வர்றோம், எங்கே சாப்பிடலாம்?" சித்தப்பா மகன், பழைய ஆபீஸ் நண்பர், மனைவியின் தோழி என்று ஆள்தான் மாறுகிறார்கள், கேள்வி மாறுவதில்லை. அதனால் எழுதியே வைத்துவிட்டேன். இதில் கடைப் பெயர்களைத் தேடாதீர்கள். சமையல்காரர் போய்விட்டால் கடையின் ருசியும் கூடவே போய்விடும். எந்த மாதம், எந்த ஊர், எத்தனை மணி என்பது மட்டும் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

ரெண்டு நாள் போதுமா? எந்த வழியா வந்து எந்த வழியா திரும்புறது?

போதும். சனிக்கிழமை காலை ஆறரைக்குத் திருச்சியிலிருந்து கிளம்புங்கள். கல்லணையில் அரை மணி நேரம். அப்புறம் கரையோரமாகவே திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாறு. காலை டிபன் அங்கே. அங்கிருந்து தஞ்சாவூர் 13 கி.மீ.தான், பெரிய கோயில் நடை சாத்துவதற்குள் போய்விட்டு, மதியச் சாப்பாடு. வெயில் தாழ்ந்ததும் 40 கி.மீ. ஓட்டினால் கும்பகோணம். காபி, இரவு டிபன், தூக்கம்.

ஞாயிற்றுக்கிழமை கிழக்கே. மயிலாடுதுறை, தரங்கம்பாடி, காரைக்காலில் மதியம் மீன் சாப்பாடு, சாயங்காலம் நாகூர். திரும்பும்போது திருவாரூர், நீடாமங்கலம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சி. கிழக்கை ஞாயிறுக்கு வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. காரைக்காலை ஒட்டித்தான் திருநள்ளாறு. சனிக்கிழமை அந்தச் சாலையில் மாட்டினால், சனி பகவானைப் பார்க்காமலே அவர் பலனை அனுபவிப்பீர்கள்.

சென்னையிலிருந்து வருகிறவர்கள் வெள்ளி இரவே வந்து கும்பகோணத்தில் தங்கிவிடுங்கள். ஏறக்குறைய 300 கி.மீ. சனிக்கிழமை தஞ்சாவூர், திருவையாறு போய்த் திரும்பலாம். கல்லணையை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டிகிரி காபின்னா அப்படி என்ன ஸ்பெஷல்?

பெயருக்கு மூன்று விளக்கம் சொல்வார்கள். பாலில் தண்ணீர் கலக்கவில்லை என்று பால்மானி வைத்து டிகிரி பார்த்ததால் வந்தது என்பது ஒன்று. முதல் முறை இறங்கும் டிகாக்‌ஷன், அதாவது முதல் டிகிரி, என்பது இன்னொன்று. சிக்கரிதான் வாய்மொழியில் டிகிரி ஆனது என்கிறார்கள் சிலர். எங்கள் வீட்டில் பால்மானிக் கதைக்குத்தான் ஓட்டு. காரணம், இந்தக் காபியின் உயிர் தூளை விடப் பாலில் இருக்கிறது. அன்று கறந்த பசும்பால், தண்ணீர் கலக்காதது, ஒரே ஒரு தடவை காய்ச்சியது. அதில் கெட்டியான டிகாக்‌ஷன் விட்டு, பித்தளை டபரா டம்ளரில் ஆற்றிக் கொடுத்தால் முடிந்தது.

ஆகவே காலை ஐந்தரையிலிருந்து ஏழு மணிக்குள்ளும், சாயங்காலம் நாலு மணிக்கு மேலும் குடியுங்கள். பால் புதிதாக வரும் நேரம் அது. பதினொரு மணிக்குக் குடித்துவிட்டு "இதுக்கா இவ்வளவு பேச்சு" என்று எனக்குப் போன் செய்தவர்கள் உண்டு. அந்த நேரத்தில் பால் நாலாவது கொதியில் இருக்கும்.

ஹைவேஸ் முழுக்க 'கும்பகோணம் டிகிரி காபி'ன்னு போர்டு இருக்கே, எல்லாம் நிஜமா?

போர்டில் கும்பகோணம் இருக்கிறது, பித்தளை டபராவும் இருக்கிறது. பால் எங்கிருந்து வருகிறது, எத்தனை தடவை கொதித்தது என்பதுதான் கேள்வி. சிலது நன்றாகவே இருக்கும். டபரா பளபளப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

திருவையாறு அசோகான்னா கோதுமை அல்வாதானே?

இல்லை. அசோகாவுக்கு ஆதாரம் பாசிப்பருப்பு. பருப்பைக் குழைய வேகவைத்து, நெய்யில் வறுத்த கோதுமை மாவும் சர்க்கரையும் சேர்த்து, கைவிடாமல் நெய் ஊற்றிக் கிளறுவது. ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று, கரண்டியிலிருந்து வழுக்கி விழும். கோதுமை அல்வாவில் இருக்கும் இழுவை இதில் இருக்காது; வாயில் போட்டால் மெல்லுவதற்கு வேலையே இல்லை. எங்கள் பக்கத்துக் கல்யாணப் பந்தியில் இலையின் ஓரத்தில் முதலில் விழுவது பல வீடுகளில் இதுதான்.

சூடாக, ஐம்பது கிராம், நின்றுகொண்டே சாப்பிடுங்கள். கால் கிலோ வாங்கி காரில் வைத்துக்கொண்டு ஆளுக்கு இரண்டு கரண்டி என்று போனால் என்ன ஆகும் என்பதை என் அக்கா பையன் திருக்காட்டுப்பள்ளிச் சாலை வளைவில் நிரூபித்துக் காட்டினான். ஆற்றோரச் சாலை முழுக்க வளைவு. நெய் வயிற்றுக்கும் அந்தச் சாலைக்கும் ஒத்துவராது.

நைட் டிபனுக்கு 'கடப்பா' வேணுமான்னு கேட்டாங்க. அது ஆந்திராவில இருக்கிற ஊர்தானே? இங்க என்ன?

ஊர் அல்ல, தொட்டுக்கொள்ள. வேகவைத்த பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்து, தேங்காய், சோம்பு, பச்சை மிளகாய், கசகசா அரைத்து விட்டு, பட்டை கிராம்பு தாளித்து இளமஞ்சளாக வரும். சாம்பாரும் இல்லை, குருமாவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சொந்தக்காரர். இட்லிக்கு மேலே ஊற்றி மூழ்கடித்துச் சாப்பிட வேண்டும். இட்லியின் ஓரத்தைக் கிள்ளித் தொட்டுச் சாப்பிடுகிறவர்களுக்கு அதன் அருமை பிடிபடாது.

எல்லா ஓட்டலிலும் எல்லா நாளும் போட மாட்டார்கள். உட்காரும் முன்பே "கடப்பா இருக்கா?" என்று கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் அடுத்த கடை. வெட்கப்பட ஒன்றும் இல்லை, உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

மதியச் சாப்பாட்டில் அப்படி என்ன வித்தியாசம்? சாம்பார், ரசம் எங்க ஊர்லயும் இருக்கு.

சாம்பாரே தஞ்சை மராட்டியர் அரண்மனைச் சமையலறையில் பிறந்தது, சம்பாஜி பெயரில் வந்தது என்று ஒரு கதை உண்டு. கதையாகவே வைத்துக்கொள்வோம். வித்தியாசம் தெரிவது காய்கறியில். ஆற்றுப் படுகையில் வாழை கொட்டிக் கிடப்பதால் வாழைப்பூ உசிலி, வாழைத்தண்டுக் கூட்டு, வாழைக்காய் வறுவல் என்று ஒரே மரம் இலையில் மூன்று இடத்தில் உட்கார்ந்திருக்கும். இலையும் அதே மரம்தான். அப்புறம் வத்தக்குழம்பு, மோர்க்குழம்பு, வேப்பம்பூ ரசம் இதில் ஏதாவது ஒன்று அன்றைக்குப் போட்டிருந்தால் சாம்பாரைக் கொஞ்சமாக வாங்கிக்கொண்டு அதற்கு இடம் விடுங்கள்.

பன்னிரண்டரைக்கு உட்கார்ந்துவிட வேண்டும். இரண்டு மணிக்குப் போனால் கூட்டு தீர்ந்திருக்கும், ரசத்தில் தெளிவு மட்டும் மிச்சம்.

மாமியார் சுத்த சைவம், என் வீட்டுக்காரருக்கு மீன் இல்லாம இறங்காது. ஒரே கார்ல எப்படி?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, அதிலும் மெதுவான குரலில் வருகிறது. வழியே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். சனிக்கிழமை போகும் ஊர்கள் சைவச் சாப்பாட்டுக்குப் பேர்போனவை, ஞாயிறு கடற்கரை. சனிக்கிழமை அத்தை சொல்கிற ஓட்டல், மறுபேச்சு இல்லை. ஞாயிறு ஒரு வேளை மட்டும் வீட்டுக்காரருக்கு.

அந்த ஒரு வேளைக்கு 'சைவம் - அசைவம்' என்று பலகை போட்ட ஓட்டலைத் தேடாதீர்கள். ஒரே கரண்டியோ என்ற சந்தேகத்திலேயே அத்தை சாப்பிட மாட்டார், யாருக்கும் இறங்காது. காரைக்கால் மாதிரி ஊரில் இரண்டு தனித்தனி ஓட்டல்களுக்குப் பிரிந்து போய், முக்கால் மணி நேரத்தில் காரில் சேர்ந்துவிடுங்கள். மாமியாருடன் யார் போவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அதில் நான் தலையிட மாட்டேன்.

நல்ல மீன் எங்கே கிடைக்கும்? கல்லணையிலேயே பொரிச்சுத் தர்றாங்களாமே?

தருகிறார்கள். ஆற்று மீன், மசாலா தடவி, கண்ணெதிரே எண்ணெயில் போட்டு. ஆனால் காலை ஏழரைக்கு அடுப்பே பற்ற வைத்திருக்க மாட்டார்கள். மீனுக்காகவே கல்லணை என்றால் சனிக்கிழமைத் திட்டத்தைத் தலைகீழாக்கி மதியத்துக்கு வைக்க வேண்டும். ஆற்று மீனில் விராலும் கெளுத்தியும் குழம்புக்குத்தான் லாயக்கு. அயிரை குழம்பு எங்காவது எழுதியிருந்தால் விசாரிக்காமல் உட்காருங்கள்.

கடல் மீனுக்குக் காலண்டரைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. மீன் குஞ்சு பொரிக்கும் காலம். அப்போது பைபர் படகு, நாட்டுப் படகுகளில் வருகிற கொஞ்சம் மீனும், மற்ற ஊர்களிலிருந்து ஐஸில் வருவதும்தான். கோடை விடுமுறையில் வந்து "வஞ்சிரம் ரப்பர் மாதிரி இருந்தது" என்று சொல்கிறவர்களுக்கு இதுதான் பதில். அந்த இரண்டு மாதத்தில் வந்தால் பெரிய மீனை விட்டுவிட்டு, அன்றைக்குக் கரைக்கு வந்த நெத்திலி, சங்கரா, மத்தி என்று கேளுங்கள். ருசியும் அதில்தான், விலையும் பாதி.

நாகூர்ல வாடா வாடான்னு சொல்றாங்களே, வடையைத்தான் அப்படிச் சொல்றாங்களா?

வடை வேறு, வாடா வேறு. உளுந்து கிடையாது. அரிசி மாவில் வெங்காயம், தேங்காய், பச்சை மிளகாய் சேர்த்துத் தட்டி, மேலே இறாலை அழுத்திப் பொரிப்பது. ஓரம் மொறுமொறுவென்றும் நடுவில் மெத்தென்றும் இருக்கும். இது சாயங்காலப் பண்டம். ஒரு தடவை உறவினர் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு பகல் இரண்டரைக்குப் போய் நின்றேன். சட்டியைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா, "அஞ்சு மணிக்கு வாங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். இரண்டரை மணி நேரம் காரில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அதனால்தான் முதல் பதிலில் நாகூரைச் சாயங்காலத்துக்குத் தள்ளியிருக்கிறேன்.

காத்திருக்கும் நேரத்தில் தர்கா. அங்கிருக்கும் ஐந்து மினாராக்களில் உயரமானதைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். இனிப்புக்கு ரவையில் செய்த தம்ரூட் வாங்கலாம். மேலே நன்றாகச் சிவந்திருக்கும், கேக் மாதிரி துண்டு போடுவார்கள், நெய் வாசனை கையிலேயே தங்கிவிடும்.

கோயிலுக்கும் போகணும், சாப்பாடும் விடக் கூடாது. முடியுமா?

டெல்டாவில் இரண்டும் சண்டை போடாது. பெரும்பாலான கோயில்கள் மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தி நாலு மணிக்குத் திறக்கும். அதுவே சாப்பாட்டு நேரம். தகராறு வருவது ஒரு நாளைக்கு ஐந்து கோயில் என்று எழுதிக்கொண்டு வரும்போதுதான். நாளைக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரசாதத்தையும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கலாம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருநாகேஸ்வரம் ஒப்பிலியப்பன் கோயிலில் நைவேத்தியத்துக்கு உப்பே கிடையாது. மார்க்கண்டேயர் வளர்த்த பூமாதேவிக்கு உப்புப் போட்டுச் சமைக்கத் தெரியாத வயது என்று அவர் தயங்க, 'உப்பில்லாமலே ஏற்றுக்கொள்கிறேன்' என்று பெருமாள் சொன்னதாகத் தலபுராணம். 'அப்போ ருசியே இருக்காதே' என்று நினைத்துப் போகிறவர்கள் இரண்டாவது தொன்னைக்குக் கை நீட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் கோயிலின் முனியோதரன் பொங்கல். இரவுப் பூஜைக்குப் படைப்பது; நெய் மிதக்கும். இந்த இரண்டு நாள் வழியில் அந்த நேரத்துக்கு அங்கே நிற்க முடியாது. நாகப்பட்டினத்தில் ஒரு ராத்திரி கூடுதலாகத் தங்குகிறவர்கள் விடாதீர்கள்.

எந்த மாசம் வந்தா நல்லது?

மேட்டூர் அணையைத் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. அணையில் தண்ணீர் இருந்தால் அன்று திறந்து, சில நாள் கழித்துக் கல்லணைக்கு வந்து சேரும். ஆடியில் ஆறு நிறைந்திருக்கும். ஆடிப்பெருக்கன்று, ஆகஸ்ட் 2 அல்லது 3 வாக்கில், கரை முழுக்கப் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு என்று சித்திரான்னம்தான். அன்று ஓட்டலைத் தேடாதீர்கள், கட்டிக்கொண்டு வந்து படித்துறையில் உட்காருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை, சில வருடம் புயல். 2018 நவம்பரில் கஜா எங்கள் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்தது அந்த மாதங்களில்தான். ஐப்பசிப் பௌர்ணமிக்கு மட்டும் குடையோடு வரலாம். பெரிய கோயிலிலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் லிங்கம் முழுவதையும் சோற்றால் மூடும் அன்னாபிஷேகம். சோறு விளையும் நாட்டில் சாமிக்கும் சோறுதான்.

என்னைக் கேட்டால் தை மாதம். சம்பா அறுவடை, புது அரிசி, அய்யம்பேட்டை, கணபதி அக்ரகாரம் பக்கம் காய்ச்சும் அச்சு வெல்லம், இதமான வெயில். ஒரே தொந்தரவு, சில சாலைகளில் பாதியை நெல் காயப்போட்டு எடுத்துக்கொள்வார்கள். ஹாரன் அடிக்காமல் ஓரமாகப் போங்கள். அது ஒரு வருடச் சம்பளம்.

வேளாங்கண்ணித் திருவிழா நடக்கும் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை கடற்கரைச் சாலையைத் தவிர்க்கலாம். அப்புறம் 2028 மகாமகத்தின்போது கும்பகோணத்தில் அறையும் கிடைக்காது, நானும் போன் எடுக்க மாட்டேன்.

சின்னப் பிள்ளைங்க காரம் சாப்பிட மாட்டாங்க.

இட்லி, நெய் தோசை, தயிர்ச்சோறு, பூவன் பழம் எல்லா ஊரிலும் உண்டு. கடப்பாவிலும் காரம் குறைவுதான். பிள்ளைகள் சமாளித்துவிடுவார்கள், பெரியவர்களைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கு. இனிப்பு ஊர்களா சொல்றீங்களே?

அவருக்கு ஓட்டலில் காபியைச் சர்க்கரை இல்லாமல் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், கலந்த பிறகு சொல்லிப் பயனில்லை. அசோகாவை ஒரு விரல் நுனி தருவதா வேண்டாமா என்பதை அவரும் டாக்டரும் பேசிக்கொள்ளட்டும். நேரம் தவறாமல் சாப்பிட வைப்பதுதான் உங்கள் வேலை. மாத்திரை போட்டுவிட்டு 'இன்னும் பத்து கிலோமீட்டர்ல நல்ல கடை இருக்கு' என்று இழுப்பதுதான் ஆபத்து. வாழைப்பழமும் வேர்க்கடலையும் காரில் இருக்கட்டும்.

வீட்டுக்கு வாங்கிட்டுப் போக எது நல்லது?

கும்பகோணம் வெற்றிலை. 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொழுந்து வெற்றிலையாகக் கேட்டு வாங்கி, ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். அரிசி வாங்குவதானால் மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, கருப்புக் கவுனி. திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டெடுத்தவர், 2018-இல் மறைந்தார். அவரும் அவரைப் போன்றவர்களும் விதையைக் காப்பாற்றியதால்தான் இன்று கடையில் பெயர் சொல்லி வாங்க முடிகிறது. மாப்பிள்ளைச் சம்பாவை முதல் நாள் இரவே ஊற வையுங்கள். இல்லையென்றால் குக்கரோடு போராட்டம்தான்.

நீடாமங்கலம் பால்திரட்டை மட்டும் அன்றே சாப்பிட்டுவிடுங்கள். பாலைச் சுண்டக் காய்ச்சித் திரட்டுவது, வெயிலில் தாங்காது. ஒரு கோடையில் பெங்களூரில் இருக்கும் தம்பிக்கு டிக்கியில் வைத்து அனுப்பினேன். என்ன கிடைத்தது என்று அவன் இதுவரை நேராகச் சொல்லவில்லை, "டப்பா நல்லா இருந்துச்சு அண்ணே" என்றான். வழியில் நீடாமங்கலத்தைக் கடைசியாக வைத்திருப்பதும் அதற்காகத்தான்.

வீடியோவில பாத்த கடைக்கு நூறு கிலோமீட்டர் வந்தா, பூட்டிக் கிடக்கு. என்ன பண்றது?

எனக்கும் நடந்திருக்கிறது. வீட்டில் கல்யாணம், சமையல்காரர் ஊருக்குப் போய்விட்டார், அமாவாசை என்று சின்னக் கடைகளுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஒரு கடையை நம்பிக் கிளம்பினால் முதல் நாளே போன் செய்து கேளுங்கள். புரட்டாசி என்றால் அசைவக் கடைகள் பல அடுப்பைக் குறைத்துவிடும், அதையும் கேளுங்கள்.

பூட்டியிருந்தால் பக்கத்து மளிகைக் கடையில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு, "நீங்க வீட்ல சமைக்கலைன்னா எங்கே சாப்பிடுவீங்க?" என்று கேளுங்கள். 'நல்ல ஓட்டல் எது' என்று கேட்டால் ஏ.சி. போட்ட ஓட்டலைக் காட்டுவார்கள், நீங்கள் வெளியூர்க்காரர் என்ற மரியாதைக்காக. இப்படிக் கேட்டால் பெயர்ப்பலகை இல்லாத மெஸ்ஸைக் காட்டுவார்கள். என் பட்டியலில் இருக்கும் பாதி இடம் அப்படிக் கிடைத்ததுதான்.

எல்லாம் சரி, எங்ககிட்ட ஒரே நாள்தான் இருக்கு. எதை விடலாம்?

கடலை விடுங்கள். மனசு கேட்காது, ஆனாலும் விடுங்கள். கும்பகோணத்தில் ஆறு மணிக் காபி, திருவையாற்றில் பத்து மணிக்கு அசோகா, தஞ்சாவூரில் பன்னிரண்டரைக்கு இலைச் சாப்பாடு, திரும்ப வந்து இரவு கடப்பா. மொத்தம் நூறு கிலோமீட்டர் கூட வராது. நடுவில் மூன்று மணி நேரம் சும்மா இருக்கும். அதில் இன்னொரு ஊரைச் செருகப் பார்க்காதீர்கள். அந்த நேரத்தில்தான் பசிக்கும்.